கோட்டுக்கு வெளியே என் கைகள்

பாடசாலை பேண்ட் வாத்தியப் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் மைதானத்தின் நடுவைப் பார்ப்பார்கள். நான் ஓரத்தைப் பார்ப்பேன். வேடிக்கை அங்கேதான் நடக்கும். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு வரிசை பிசகாமல் வாசித்துக்கொண்டு போவார்கள். அவர்களைப் பழக்கிய சார்மாரும் டீச்சர்மாரும் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று படுகிற பாடு இருக்கிறதே, அதற்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநர் கையாலோ காலாலோ வாயாலோ எந்தச் சைகையும் காட்டக்கூடாது என்பது விதி. காட்டினால் புள்ளி வெட்டுவார்கள். அதனால் ஆளுக்கொரு தந்திரம் வைத்திருப்பார்கள்.

ஹட்டன் பக்கத்து சார் ஒருவர், பிள்ளைகள் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் இருமுவார். வருடா வருடம் அதே இடத்தில் அதே இருமல். ஒரு தடவை நான் போய், "சார், கொத்தமல்லி வச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. இன்னொரு டீச்சர் வெயில் அடித்தாலும் குடையோடு வருவார். குடையை விரிக்கமாட்டார். ஊன்றிக்கொண்டு நின்று அதன் நுனியால் புல்லில் தாளம் தட்டுவார். இன்னொருவர் தன்னை மறந்து, கோட்டுக்கு வெளியே பிள்ளைகளோடு கூடவே மார்ச் பண்ணிக்கொண்டு போய், கச்சான் கடலை விற்கும் அம்மாவின் கூடையில் இடித்து நின்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

நான் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு திமிர். கோட்டுக்கு வெளியே போய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன் என்றால் நின்றேன்தான். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டேன். பழக்க வேண்டியதைப் பழக்கியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று நிற்பேன். மற்றவர்கள் என்னைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எங்கள் பாடசாலை றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. மைதானம் என்று நாங்கள் சொல்வது மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு சரளை நிலம். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறு பக்கம் மழைத் தண்ணீர் ஓடும் கான். பேண்ட் குழு நேராக நடந்தால் ஐம்பது எட்டு வைப்பதற்குள் கானுக்குள் இறங்கிவிடும். அதனால் நான் அங்கேயும் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடுவில் நின்றுகொள்வேன், பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு நடப்பார்கள். பாதி நேரம் அவர்கள் என் முகத்துக்கு முன்னால் இருப்பார்கள், பாதி நேரம் முதுகுக்குப் பின்னால். பின்னால் போகும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. காதால் கேட்பேன். மூன்று மணிக்கெல்லாம் பனிப்புகைபோல மிஸ்ட் இறங்கிவிடும் நாட்களில் முன்னால் இருப்பவர்களையும் காதால்தான் கேட்க வேண்டும்.

சில நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முன்னால் ஒழுங்காக வாசித்துக்கொண்டு போகிற பிள்ளைகள், பின்னால் போனதும் தாளத்தை விட்டுவிடுவார்கள். பெரிய ட்ரம் ஒரு அடியை விழுங்கும். மேட்டில் பட்டுத் திரும்பும் சத்தம் அப்படிக் கேட்கிறதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய ட்ரம் அடித்தவள் பத்தாம் வகுப்புப் பிள்ளை. ட்ரம்முக்குப் பின்னால் அவளுடைய கண்ணும் நெற்றியும் மட்டும் தெரியும். ஆனால் அவள் கையில் இருந்த நிதானம் வேறு யாரிடமும் இல்லை. அவளைச் சேர்க்கத்தான் நான் பட்ட பாடு. சத்தம் போட்டு ஏசினால் அந்தப் பிள்ளைக்கு வேர்த்துவிடும். மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு நேராகப் பாடசாலைக்கு வந்த அவளுடைய அம்மா, வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"பேண்டுன்னா அடிப்பாங்களாமே டீச்சர். அது பயந்த புள்ளங்க."

"என் பேண்ட்ல அடியும் இல்ல, ஏச்சும் இல்லங்க," என்றேன். "ஒங்க புள்ள என்னயப் பாத்துப் பயந்துச்சுன்னா அன்னைக்கே நான் இந்த வேலய விட்டுர்றேன். போதுமா?"

அதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. நான் பேண்டை எடுத்ததே அந்த ஒன்றுக்காகத்தான்.

ராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் படித்தபோது சைட் ட்ரம் அடித்தேன். எங்களுக்கு ஒரு மாஸ்டர் வந்தார். வாரத்துக்கு இரண்டு தரம் பஸ்ஸில் வருவார். பாலிஷ் போட்ட சப்பாத்தில் முகம் பார்க்கலாம். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, பிரம்பு எடுத்ததில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது ஓரத்தில் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். வந்திருக்கும் பெற்றோர்கள் எவ்வளவு அமைதியான மனுசன் என்பார்கள். அவருக்குப் பின்னால் போகும்போது அவர் கையைப் பார்க்கும் எங்களுக்குத்தான் தெரியும். யாராவது பிழை விட்டால் அவருடைய இடது கைச் சுண்டு விரல் மெதுவாக மடங்கும். மற்ற விரல்கள் நேராக இருக்கும். அது மடங்கினால் நிகழ்ச்சி முடிந்ததும் பிழை விட்டவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சரளையில் முட்டி போட வேண்டும். ட்ரம்மைக் கழுத்திலிருந்து கழற்றக்கூடாது. பிழை விடாதவர்கள் பணிஸ் பன்னும் பிளேன்டீயும் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். ட்ரம்மின் விளிம்பு தொடையில் அழுந்தும். நான் எத்தனை தரம் அப்படி இருந்தேன் என்று ஞாபகமில்லை. அந்த விரலை மட்டும் ஞாபகம் இருக்கிறது. நகம் கொஞ்சம் நீளமாக, சுத்தமாக இருக்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹட்டனில் நடந்த அந்த வலய மட்டப் போட்டிக்கு நாங்கள் நல்ல தயாரிப்போடு போனோம். காலையில் வெயில் இருந்தது. எங்கள் முறை வருவதற்குள் மிஸ்ட் வந்து மைதானத்தின் அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. சுண்ணாம்புக் கோடு என் காலடியிலிருந்து பத்தடி தூரம்வரை தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை. இருமல்காரர் எனக்கு வலது பக்கம் நின்றார். எனக்கு அவருடைய தொப்பிதான் தெரிந்தது. நான் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

அந்த மைதானத்தில் குழுக்கள் பயிற்றுநர்களின் பின்பக்கமாக வந்து, கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கி, ஒரு வட்டம் அடித்து, திரும்ப எங்களுக்குப் பின்னால் ஏறிப் போக வேண்டும். என் பிள்ளைகள் உள்ளே இறங்கும்போது அருமையாக வாசித்தார்கள். மிஸ்ட்டுக்குள் போனார்கள். பெரிய ட்ரம்மின் அடி மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்புகிற இடத்தில் சைட் ட்ரம் ஒன்று முந்திக்கொண்டது. சின்னப் பிழை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் அசையவில்லை. அதற்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவர்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள். வந்ததும் பெரிய ட்ரம் ஒரு அடியை விழுங்கியது. அடுத்த அடி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கிப் போய், கடைசியில் சப்பாத்துச் சத்தம் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனது. வாசிக்காமல் நடக்கிற ஒரு பேண்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

புள்ளிப் பத்திரத்தில் "பயிற்றுநர் சைகை" என்று எழுதி வெட்டியிருந்தார்கள். நான் நேராக நடுவர் மேசைக்குப் போனேன். போன வேகத்தில் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டேன்.

"இருமுறவருக்கு வெட்டல, கொடக்காரம்மாவுக்கு வெட்டல. கல்லு மாதிரி நின்ன எனக்கு வெட்டுறீங்க. நான் ஒன்னுமே செய்யலயே!"

நடுவராக இருந்தவர் வயதான ஒரு டீச்சர். கழுத்துவரை சால்வை சுற்றியிருந்தார். அவர் கோபப்படவில்லை. "நான் ஒங்களுக்குப் பின்னுக்குத்தான் ஒக்காந்திருந்தேன் டீச்சர்," என்றார். "ஒங்க கை பேசிக்கிட்டே இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

பைத்தியக்காரப் பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பஸ் மைதானத்துக்கு மேலே சரளை கொட்டிய இடத்தில் நின்றது. பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொடுத்து, தோற்றால் என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லித் தேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் யாரையும் காணவில்லை. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பதினோரு பிள்ளைகள் சரளையில் முட்டி போட்டிருந்தார்கள். ட்ரம்மைக் கழற்றவில்லை. வரிசை பிசகவில்லை. மிஸ்ட் அவர்களுடைய இடுப்பளவுக்கு இருந்தது. நடுவில் பெரிய ட்ரம் இருந்தது, அதற்கு மேலே அவளுடைய கண்ணும் நெற்றியும் தெரிந்தன. மற்றவர்கள் பஸ்ஸின் பின்படியில் உட்கார்ந்து, தாங்களே எடுத்த பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னைப் பார்த்தார்கள்.

எந்த வருடத்தில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன்.

"யாரு சொன்னது ஒங்களுக்கு?" என்றேன்.

அவள்தான் பேசினாள். "நீங்கதான் டீச்சர்."

"நான் எப்படி சொன்னேன்?"

"வெரலால சொன்னீங்க. எப்பவும் சொல்லுவீங்களே."

"எந்த வெரலு?"

அவள் தன் இடது கையை ட்ரம்முக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நான்கு விரல்கள் நேராக இருந்தன. சுண்டு விரல் மடங்கியிருந்தது.

"அது மடங்குனா முட்டி போடணும்னு யாரு சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். அதட்டியிருப்பேன் போலிருக்கிறது. அவளுக்கு நெற்றியில் வேர்த்தது.

"யாரும் சொல்லல டீச்சர். மடங்குன வெரலு முட்டி போட்ட மாதிரித்தானே இருக்கு."

எல்லாரையும் எழுப்பினேன். ஒவ்வொருவருடைய முட்டியிலும் ஒட்டியிருந்த சரளையை நானே தட்டிவிட்டேன். தட்டும்போது என் கையைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு எங்கேயோ பார்த்தேன்.

சிம்பல் அடிக்கும் பிள்ளையின் வாப்பா கினிகத்தேனையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு மகளைப் பார்க்க வந்திருந்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஃபோனைக் காட்டினார். "மகளத்தான் வீடியோ எடுத்தேன் டீச்சர். நீங்க குறுக்க வந்துட்டீங்க. கோவிக்காதீங்க, பாருங்க."

படத்தில் என் முதுகு இருந்தது. சாரியின் முந்தானை, கம்பளிச் சட்டை, கோத்த கைகள். அந்தக் கைகள் என்னுடையவை என்று சொல்ல என் மோதிரம் ஒன்றைத் தவிர எனக்கு ஆதாரம் இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாகத் தாளம் எண்ணின. வலது கட்டை விரல் திரும்பும் திசையைக் காட்டியது. எல்லாம் அந்தப் பழைய மாஸ்டர் செய்தது. எனக்கு அவர் கற்றுத் தரவில்லை, நானும் பழகிப் பார்க்கவில்லை. சைட் ட்ரம் முந்திய அந்த இடத்தில் இடது கைச் சுண்டு விரல், அவசரமே இல்லாமல், மடங்கி அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் கண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. படத்தில் என் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நினைத்தேன்.

பெரிய ட்ரம் அடித்தவளுடைய அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. பேண்டை விட்டுவிடுகிறேன் என்று அடுத்த வாரம் பாடசாலை அதிபரிடம் போனேன். "வேற யாரு இருக்காங்க டீச்சர்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் திரும்பி வந்துவிட்டேன். விட மனம் இல்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கைகளைப் பின்னால் கட்டவில்லை. பேப்பர் வைத்து எழுதும் அட்டை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வேன். அட்டை இல்லாத நாளில் கம்பளிச் சட்டைப் பைக்குள் கைகளை விடுவேன். பைக்குள் விரல்கள் என்ன செய்கின்றன என்று அடிக்கடி கவனிப்பேன். சில நேரம் மடங்கியிருக்கும். நிமிர்த்துவேன். என் உடம்பில் இருக்கும் ஒன்றுக்கு நானே காவல் நிற்பது எவ்வளவு அலுப்பு என்று யாரிடம் சொல்ல? பழைய பிள்ளைகள் விலகினார்கள், ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் என் கைகளைப் பின்னால் பார்த்ததே இல்லை. அந்த ஒரு நிம்மதி இருந்தது.

இந்த வருடம் எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு, பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அவளைக் கூப்பிட்டேன். பெரிய ட்ரம்காரியைத்தான் சொல்கிறேன். வளர்ந்து நெடுநெடுவென்று இருந்தாள். "ஓரத்துல நீயே நில்லு," என்றேன். "நான் ஒரு நாளைக்கு ஒக்காந்து பாக்குறேன்." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். நான் பெற்றோர்களுக்குப் போட்ட கூடாரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேன்டீக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

பேண்ட் தொடங்கி ஒரு சுற்று முடிவதற்குள் மேட்டிலிருந்து மிஸ்ட் இறங்கியது. பிள்ளைகள் மறைந்தார்கள், வந்தார்கள், மறைந்தார்கள். கோட்டில் நின்றவளின் கறுப்புக் கம்பளிச் சட்டை மட்டும் தெரிந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கைகளைப் பின்னால் கோத்திருந்தாள்.

"என் புள்ள எவ்வளவு அமைதியா நிக்குது பாருங்க டீச்சர்," என்றார் அவளுடைய அம்மா.

எங்கேயோ மிஸ்ட்டுக்குள் ஒரு சைட் ட்ரம் முந்தியது. அவளுடைய இடது கைச் சுண்டு விரல் மடங்கியது.

என் முட்டி வலித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சரளை குத்துகிற அந்தப் பழைய வலி, உட்கார்ந்த இடத்திலேயே வலித்தது. பயந்துபோனேன். அவளுக்குப் பின்னால் வந்த சின்னப் பிள்ளைகளின் கண்கள் கீழே இறங்கின. பெரிய ட்ரம் ஒரு அடியை விழுங்கியது.

கோப்பையை உட்கார்ந்திருந்த கதிரையில் வைத்துவிட்டு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம். அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த விரலைப் பிடித்தேன். சில்லிட்டு விறைத்திருந்தது. அவள் திடுக்கிட்டாள்.

"கைய முன்னுக்கு எடு," என்றேன்.

"ஏன் டீச்சர்? நான் ஒன்னுமே செய்யலயே."

நடுவர் மேசையில் நான் சொன்ன அதே வார்த்தை. அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "ஒன்னுமில்லம்மா, குளிருது, முன்னுக்கு வச்சுக்க," என்று சொல்லி, அவளுடைய இரண்டு கைகளையும் முன்னால் இழுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, என் வலது கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய பத்து விரல்களையும் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பேண்ட் அடுத்த சுற்று வந்தது. மிஸ்ட்டுக்குள்ளிருந்து எங்கள் இருவருக்கும் பின்னால் ஏறியது. பெரிய ட்ரம் ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன.

நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். அவை அசையாமல் என் வலது கைக்குள் இருந்தன. என் இடது கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன்.

அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்புவதற்குள், சரளையில் முட்டிகள் படும் சத்தம் கேட்டது.